டியூப்ல பேரு எழுதுன கை

ஆசிரியர் அவர்களுக்கு,

கேன்சர் ஆராய்ச்சின்னாலே டாக்டர் பேரத்தான் போடுறீங்க, லேப் அசிஸ்டென்ட்ட யாரும் கண்டுக்குறதில்ல. 1951ல பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல, ஜார்ஜ் கை (George Gey)ங்கிற டாக்டரோட லேப்ல மேரி குபிசெக்னு ஒரு அசிஸ்டென்ட் இருந்தாங்க, ஹென்ரியட்டா லாக்ஸ் (Henrietta Lacks)ங்கிற நோயாளியோட கர்ப்பப்பை வாய் கேன்சர் கட்டியில எடுத்த துண்ட பொடிசா நறுக்கி டியூப்ல போட்டு, அவங்க இங்கிலீஷ் பேருல முதல் ரெண்டு ரெண்டு எழுத்த சேத்து ஹீலா (HeLa)ன்னு எழுதி வச்சது மேரி அவங்கதான், லேப்ல வளத்த மத்தவங்க செல்லெல்லாம் சீக்கிரமே செத்துப்போக இந்த செல் மட்டும் 24 மணி நேரத்துல ரெண்டு மடங்காச்சு. கொஞ்சம் கிருமி புகுந்தா அத்தனையும் காலி, அந்தக் கை சுத்தம் லேசுப்பட்டதா? லாக்ஸ் அம்மாகிட்ட அனுமதியே கேக்கல, அது தனிக் கொடுமை, அந்த அக்டோபர்லயே அவங்க இறந்துட்டாங்க. அடுத்த தடவ ஹீலா பத்தி எழுதுனா மேரிக்கும் ஒரு வரி ஒதுக்குங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்