மலர் அச்சுக்குப் போகுமுன் இடாப்பைத் திறவுங்கள்

யாழ்ப்பாணத்துச் சிற்றூர்ப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும் அவற்றின் மலர்க்குழுக்களுக்கும்,

வணக்கம்.

குடாநாட்டில் விழாவுக்குக் குறைவில்லை. எந்த வருடத்தை எடுத்தாலும் யாரோ ஒருவருடைய பாடசாலைக்கு நூற்றாண்டு, இன்னொருவருடையதற்கு நூற்றிருபத்தைந்து. ரொறன்ரோக் கிளை ஒரு தொகை அனுப்புகிறது, இலண்டன் கிளை அதைவிடச் சற்றுக் கூட அனுப்புகிறது. வளைவு எழும்புகிறது, நிறுவுநருக்குச் சிலை வைக்கிறீர்கள், கடைசியில் மலர் என்ற சிறப்பு நூல் வருகிறது. வளைவும் சிலையும் உங்கள் விருப்பம். மலரையும், அதை எழுதுமுன் நீங்கள் திறக்க வேண்டிய சேர்விடாப்பையும் (பாடசாலையில் சேர்ந்த பிள்ளைகளைப் பதியும் புத்தகம்) பற்றித்தான் இந்த மடல்.

மலர்களைக் காசு கொடுத்து வாங்கி முதலிலிருந்து முடிவு வரை படிக்கும் மிகச் சிலரில் நானும் ஒருத்தி. முதல் முப்பது பக்கம் ஆசிச்செய்தியும் வாழ்த்துச்செய்தியும். செய்தி அனுப்பியவர்களில் பாதிப் பேருக்குப் பாடசாலைக்குப் போகும் ஒழுங்கையே தெரியாது. பிறகு 'எமது பாடசாலையின் வரலாறு' என்று நாலு பக்கம். அதில் அதிபர்கள் வரிசையாக வந்து பொறுப்பேற்று ஓய்வு பெறுவார்கள். ஒருவர் காலத்தில் கிணறு கட்டப்பட்டிருக்கும், அடுத்தவர் காலத்தில் மேல்மாடி. அந்த வகுப்பறைகளில் யார் இருந்து படித்தார்கள், யாரை உள்ளே விடவில்லை, யார் பாதியில் நின்றார்கள் என்பதற்கு ஒரு வரியும் இருக்காது.

தொடக்கக் கதையிலேயே சறுக்கல் தொடங்கிவிடுகிறது. மனிதர்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். பாடசாலைகள் கூட்டிச் சொல்கின்றன. திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்று அந்த வளவில் முன்பு இருந்ததாக யாராவது சொன்னால் போதும், நிறுவிய ஆண்டு பத்து வருடம் பின்னுக்குப் போய்விடும். உண்மையான தொடக்கங்கள் இதைவிடச் சுவையானவை. யாழ்ப்பாண இந்துக் கல்லூரியை எடுத்துப் பாருங்கள். 1880களில் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடங்கியபோது அதன் பெயர் 'நேட்டிவ் டவுண் ஹைஸ்கூல்'. பிறகு அது நாகலிங்கம் என்ற வழக்கறிஞரின் பெயரைத் தாங்கியது. 1890 இல் சைவபரிபாலன சபையின் கைக்கு வந்த பின்புதான் இந்து உயர்தரப் பாடசாலை ஆனது. அவ்வளவு பெரிய கல்லூரியே இப்படிக் கைமாறிப் பெயர்மாறி வளர்ந்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பாடசாலை மட்டும் ஒரு நல்ல நாளில் ஒரு பெரியவரின் கனவில் முழுமையாகத் தோன்றியிருக்குமா?

1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்து பள்ளிகள் தொடங்கியதையும், 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதையும் எல்லா மலர்களும் எழுதிவிடுகின்றன. மிஷனுக்கும் சைவத்துக்குமான அந்தப் போட்டியில் ஊருக்கு ஊர் பாடசாலை முளைத்ததும் தெரிந்த கதைதான். காணி கொடுத்த குடும்பமே முகாமையாளராகவும் இருந்ததும், ஆசிரியர் நியமனம் அந்த வீட்டு விறாந்தையில் முடிவானதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் மட்டும் வராது.

எழுத்தில் வராத இன்னொன்று இருக்கிறது. இந்த மடலுக்கு முக்கியமான காரணமும் அதுதான். 1929–30 காலப்பகுதியில், அரசின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல இடங்களில் நிலத்தில் இருந்தார்கள். பல பாடசாலைகளில் அவர்களுக்கு அனுமதியே இல்லை. ஹன்டி பேரின்பநாயகம் முன்னின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்கு ஆதரவாக நின்றது. எதிர்த்தவர்கள் மகஜர் எழுதியதோடு நிற்கவில்லை, சில பாடசாலைகளுக்கு நெருப்பும் வைத்தார்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம், நினைவுகூரத்தான் வேண்டும். நம்முடைய கைகளே எரித்த பாடசாலைகளுக்கு எந்த மலரிலும் பக்கம் கிடைக்கவில்லை.

கதவு திறக்காத இடங்களில் அந்த மக்கள் தாங்களே பள்ளி கட்டினார்கள். கரவெட்டியில் கா. சூரன் 1914 இல் தொடங்கிய தேவரையாளி சைவ வித்தியாசாலை அப்படி வந்ததுதான். அது அந்தப் பாடசாலையின் வரலாறு மட்டுமல்ல. அந்தப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் வரலாறும் அதற்குள் இருக்கிறது.

இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் அதிபரின் அறையில், இரும்பு அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது: சேர்விடாப்பு. நான் படிப்பித்த பாடசாலைகளில் ஒன்றில் அப்படி ஒன்றை விரித்துப் பார்த்திருக்கிறேன். துணி ஒட்டிய முதுகு, பழுப்பேறிய தாள், கறையான் தின்று போன கீழ் மூலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி: சேர்வு இலக்கம், பெயர், பிறந்த திகதி, பாதுகாவலர், அவருடைய தொழில், விலாசம், விலகிய திகதி, காரணம். தொழில் என்ற நிரலை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தால் ஊர் எழும்பி வரும். கமம், கமம், சுருட்டு, மலாயா, கமம், அநுராதபுரத்தில் கடை. எந்தத் தொழில்கள் அந்த நிரலில் பல வருடங்களுக்கு வரவேயில்லை என்று பாருங்கள். எந்த வருடத்தில் முதன்முறை வருகின்றன என்றும் பாருங்கள். பெண்பிள்ளைகளின் வரிகள் ஐந்தாம் வகுப்போடு தொகையாக முடிகின்றன. காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும். அந்தக் கோட்டை இழுத்தவருக்குக் காரணம் தெரியாமல் இருந்திருக்காது.

1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த பின் வரிகள் எப்படிப் பெருகுகின்றன என்பதையும் அங்கேயே காணலாம். 1960 டிசம்பரில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதைப் பற்றி மலர்களில் ஒரு புலம்பல் உண்டு, சைவப் பெரியார்களின் சொத்து பறிபோனது என்று. புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முகாமையாளரின் வீட்டு விறாந்தைக்கு ஒருநாளும் ஏற முடியாதவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மாற்றம் எப்படித் தெரிந்திருக்கும் என்று அவர்களையும் கேட்டு எழுதுங்கள்.

பிறகு போர்க்காலம். மலர்களில் 1987 முதல் 2009 வரை ஒரே பந்தியில் தாண்டப்படுகிறது. அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் சொல்லக்கூடியவை நிறைய. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய பாடசாலைகள் வேறு ஊர்களில், வேறு பாடசாலைகளின் வளவுகளில், கொட்டில்களில் வருடக்கணக்காக நடந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி தன் சொந்த நிலத்துக்குத் திரும்பியது 2016 இல். 1995 செப்ரெம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் பிள்ளைகள் விமானக் குண்டுக்குப் பலியானார்கள். அடுத்த மாதம் 30 ஆம் திகதி வலிகாமமே வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்து நடந்தது. தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வகுப்பறைகள் குடும்பங்கள் தங்கும் இடங்களாயின. அந்த நாள்களில் இடாப்பைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போன எழுதுவினைஞரோ ஆசிரியரோ உங்கள் ஊரிலும் ஒருவர் இருந்திருப்பார். அவரை இப்போதே தேடிப் போங்கள். அவருக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. சிலை வைக்கத்தான் வேண்டுமென்றால் என் வாக்கு அவருக்கு.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முடிந்தவுடன் கெட்டிக்காரப் பிள்ளைகள் நகரத்துத் தேசிய பாடசாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். வடக்கில் பிள்ளைகள் இல்லாமல் மூடப்படும் பாடசாலைகளும் கூடிவருகின்றன. பாடசாலை மூடப்பட்டால் கட்டடத்துக்கு யாராவது பொறுப்பு நிற்பார்கள். இடாப்புக்கு நிற்க மாட்டார்கள்.

ஆகவே மலருக்கு ஆக்கம் கேட்டு ஆள் அனுப்புமுன், அதிபரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். சேர்விடாப்பையும், பாடசாலையில் நடந்தவற்றைக் குறித்துவைக்கும் சம்பவத்திரட்டையும் பகல் வெளிச்சத்தில், மேசையில் வைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். நல்ல கைபேசி போதும். அச்சகத்துக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம், பொலித்தீன் ஒட்ட வேண்டாம். பிரதி ஒன்றைப் பாடசாலையிலேயே வையுங்கள். 2005 முதல் நம்முடைய ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம், எவற்றைப் பொதுவில் வைக்கலாம், எவற்றை மூடி வைக்க வேண்டும் என்று கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரங்கள் வெளியே போகக் கூடாது. சாதியைப் பற்றி எழுதும்போது எந்தக் குடும்பத்தின் பெயரும் தேவையில்லை. ஆண்டும் தொகையும் தொழிலும் போதும். 'இதையெல்லாம் ஏன் கிளறுகிறீர்கள்' என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழும்புவார். அவரிடமே அந்த ஆண்டுகளின் பக்கங்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பக்கம் போதாது என்றால் வாழ்த்துச்செய்திகளில் கை வையுங்கள். எனக்கு ஒதுக்கிய பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருத்தி,
வலிகாமம்.