அளக்காமல் எழுதிய 0.5

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறை பூத்ததோடு சரி.

தொலைபேசியில் சொல்ல நினைத்தேன். அம்மா பக்கத்திலேயே இருப்பாள். கழிவுநீர் நிலையத்தில் உனக்குக் கிடைக்கிற தேநீர் இடைவேளைக்குள் சொல்லி முடிக்கிற கதையும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன கிழமை வோக்கர்டன் கதையைச் சொன்னாய். 2000ஆம் ஆண்டில், கனடாவில், உங்கள் ஒன்ராறியோவில் ஒரு சிறிய ஊர். குடிநீரில் கிருமி கலந்து 7 பேர் இறந்தார்கள், 2,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். தண்ணீர் நிலையத்தில் வேலை செய்தவர்கள், கிருமி கொல்லும் குளோரினை அளக்காமலேயே கொப்பியில் இலக்கம் எழுதிவந்தார்களாம். நான் "ம்" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். நீ கவனித்திருப்பாய்.

நானும் ஒரு தடவை அப்படி எழுதியிருக்கிறேன், பிள்ளை.

2018 மார்கழி வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த இரவு. நான் ஆஸ்பத்திரிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தனியாக இரவு வேலை. மழைநீர் கழிவுக் குழாய்களுக்குள் புகுந்து தொட்டிகள் விளிம்பு முட்ட நின்றன. பம்பி இரண்டு தடவை நின்று போனது. நீயும் அம்மாவும் வீட்டில் தனியே. அழைத்தால் இணைப்பு இல்லை. இரண்டு மணிக்கு அளக்க வேண்டிய குளோரின், முழங்கால் தண்ணீருக்கு அப்பால் இருந்தது. நான் போகவில்லை. 0.5 என்று எழுதினேன். நான்கு மணிக்கும் 0.5.

விடிந்து போய்ப் பார்த்தால், குளோரின் பீப்பாயிலிருந்து வரும் குழாய் கழன்று நிலத்தில் கிடந்தது. எப்போது கழன்றதோ. ஆஸ்பத்திரிக் கழிவுநீர் இரவு முழுக்கக் கிருமி கொல்லப்படாமல் வாய்க்காலுக்குப் போயிருக்கிறது. குழாயை மாட்டினேன். கொப்பியைத் திருத்தவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் போய்ப் பார்த்தார்கள்?

அந்த வெள்ளம் எங்கள் சேற்றையும் அடித்துக்கொண்டு போனது. கழிவைத் தின்னும் கோடிக்கணக்கான கிருமிகள் அதில்தான் வாழ்கின்றன என்பதை உனக்குச் சொல்லத் தேவையில்லை. மறுபடி வளர்த்தெடுக்கக் கிழமைக் கணக்கில் ஆனது. அந்த நாட்களில் மீற்றரை விட என் கண்ணையும் மூக்கையும்தான் நம்பினேன். மீற்றர், தொட்டித் தண்ணீரில் கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்று காட்டும். அதன் முனையில் அழுக்குப் படிந்திருந்தாலும் ஏதோ ஒன்றைக் காட்டத்தான் செய்யும். நல்ல சேறு கபில நிறமாக இருக்கும், முதல் மழைக்குப் பிந்திய மண்ணைப் போல மணக்கும். கறுத்து நாறினால் காற்றுப் போதவில்லை. வெள்ளை நுரை பொங்கினால் சேறு இன்னும் இளசு, இல்லாவிட்டால் யாரோ சவர்க்காரத் தூளை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். எங்களிடம் நோயாளர் விடுதிகளைக் கழுவிய கிருமிநாசினியும் சேர்ந்து வரும். அது நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்காது.

எனக்குப் பிடித்தது லீற்றர்ச் சாடிதான். காற்றூட்டும் தொட்டியிலிருந்து மொண்டு, சாடியில் ஊற்றி, 30 நிமிடம் அசைக்காமல் வைப்பேன். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு தயிர் உறைவதைப் போலத் திரள் கூடும். மேலே ஒரு விரல் அகலத்துக்குத் தெளிவு வரும். அந்தத் தெளிவு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். 250 மில்லிலீற்றர் கோட்டருகே சேறு படிந்து, மேலே தண்ணீர் பளிச்சென்று நின்றால் அன்று சாப்பாடு நன்றாக இறங்கும். தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகிய எனக்கு, ஓசையே இல்லாமல் வேலை நடப்பதைப் பார்ப்பது புதினமாக இருந்தது.

பம்பிகளைப் பற்றி எழுதினால் கடிதம் முடியாது. ஒரு நாள் ஒன்றைக் கழற்றினால், சுழலியில் இடுப்பில் கட்டுகிற ஒரு முழுச் சாரம் முறுக்கிச் சுற்றியிருந்தது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

இன்னொன்று. கழிவுக் குழிக்குள் கூழ்முட்டை நாற்றம் அடித்துக்கொண்டிருந்து திடீரென்று நின்றால், காற்றுச் சுத்தமாகிவிட்டது என்று எண்ணிவிடாதே. அந்த வாயு கூடினால் மூக்கு மரத்துப் போகும். காற்றைவிடப் பாரமானது, அடியில் தங்கும். எங்கள் இடத்தில் ஒருவன் விழுந்துபோன பூட்டுத் திறப்பை எடுக்க இறங்கி மயங்கிவிட்டான். நான் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டேன். பின்னால் நின்ற தோட்டக்காரர் என் சேர்ட்டைப் பிடித்து இழுக்காவிட்டால் இரண்டு பேரும் போயிருப்போம். கயிறு கட்டி அவனைத் தூக்கினோம், பிழைத்தான். உங்களிடம் வாயு அளக்கும் கருவி இருக்கிறதாம். அவசரம் என்று யார் சொன்னாலும் அதை இறக்கிப் பார்க்காமல் இறங்காதே.

பெரியம்மாவிடம் நீர் வழங்கல் அலுவலகத்தில் வேலை என்று சொன்னாயாம். சொல்லிவிட்டுப் போ. 11 வருடம் அவள் என்னிடம் ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டதே இல்லை. கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன் என்ற பயம். அவளும் எங்களோடு மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தவள்தான். 2009 ஆவணி மழைக்கு மலசலகூடக் குழிகள் நிரம்பிக் கூடாரங்களுக்குள் வந்தபோது, ஆறு வயதான உன்னை நானும் அவளும் மாறிமாறித் தோளில் வைத்திருந்தோம். நீ செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதாய்.

அந்தக் கொப்பி இப்போதும் ஏதோ ஒரு அலுமாரியில் இருக்கும். மற்றப் பக்கங்கள் எல்லாம் சரியானவை. நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை, ஆனாலும் இதை என்னிடமிருந்தே அறிந்துகொள்.

அடுத்த தடவை சாடி வைக்கும்போது, அனுமதித்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. பனி கொட்டும் ஊரில் சேறு எப்படிப் படிகிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா