செய்தி கரை சேர

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. சுனாமி ஒத்திகை வேலையில் மூழ்கிப் போனதால்தான் பதில் தாமதமானது. நீ கேட்ட கேள்விக்கு அந்த ஒத்திகையே பாதி பதிலைத் தந்துவிட்டது.

"பல நாட்டு அதிகாரிகள் ஓர் அறையில் கூடிப் பேசினால் பேரிடர் நின்றுவிடுமா?" என்று கேட்டிருந்தாய். நிற்காதுதான். ஆனால் 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பார். சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் குலுங்கிய கால் மணி நேரத்தில் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு அது தெரிந்துவிட்டது. அலை இலங்கைக்கும் தமிழகக் கரைக்கும் வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. சோமாலியாவுக்குச் சுமார் ஏழு மணி நேரம். இவ்வளவு அவகாசம் இருந்தும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பசிபிக் நாடுகள் 1960-களிலேயே தங்களுக்குள் எச்சரிக்கை ஏற்பாடு செய்துகொண்டிருந்தன. இந்தியப் பெருங்கடலில் அப்படி எதுவும் இல்லை. யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்றே அந்த விஞ்ஞானிகளுக்குத் தெரியவில்லை. இருபது வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்று இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இந்தப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்புகின்றன. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் இதை ஒருங்கிணைக்கிறது. ஒரு நாட்டின் கருவி பதிவு செய்வது அடுத்த நாட்டின் திரையில் உடனே தெரிகிறது. கூடிப் பேசியதால் விளைந்தது இது.

இனி ஒத்திகைக்கு வருகிறேன். எச்சரிக்கை மையத்திலிருந்து செய்தி நொடி பிசகாமல் வந்தது. தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு கரையோர அலுவலகம் ஒன்றின் பொறுப்பாளரை அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தேன். மூன்றாம் முறை ஓர் அம்மா எடுத்து, "அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறதே, இது வீட்டு எண்" என்றார். புதியவரின் எண்ணைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொல்லி முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் போயிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலு நகரத்துக்கு அந்தப் பதினொரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. நிலம் ஆடிய சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. பிற நாடுகளின் உதவியோடு அந்நாட்டுக் கடலில் மிதக்கவிட்ட எச்சரிக்கை மிதவைகள் 2012 முதலே இயங்காமல் கிடந்தன. அவை இயங்கியிருந்தாலும் பாலுவுக்குப் பெரிதாக உதவியிருக்காது. அலை அவ்வளவு கிட்டே பிறந்தது. ஆனாலும் என் ஆதங்கம் தீரவில்லை. கருவி வாங்கப் பணம் கொடுக்கிறவர்கள் அதைப் பராமரிக்கவும், தொடர்புப் பட்டியலை ஆண்டுதோறும் திருத்தவும் ஏன் கொடுப்பதில்லை? அழிந்த பிறகு அள்ளிக் கொடுக்கிற உலகம், அழிவதற்கு முன்னால் கிள்ளிக்கூடக் கொடுக்கத் தயங்குகிறது.

வங்கதேசத்தைப் பார்க்கும்போதுதான் நம்பிக்கை வருகிறது. 1970-ல் போலா புயல் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அரசும் செம்பிறைச் சங்கமும் (ரெட் கிரசென்ட்) சேர்ந்து புயல் தொண்டர் படையை உருவாக்கின. இன்று அதில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள், சரிபாதி பெண்கள். கையில் ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போகிறார்கள். ஆபத்து ஏற ஏறக் கொடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். 1991 புயலில் ஒரு லட்சத்துக்கு மேல் இறந்த அதே நாட்டில், 2020-ல் ஆம்பன் வந்தபோது இறந்தவர்கள் நூறைத் தொடவில்லை. இந்தியப் பெருங்கடலின் வட பகுதி நாடுகளுக்குப் புயல் முன்னறிவிப்பு தரும் பொறுப்பு டெல்லியிலுள்ள வானிலை மையத்துடையது. அந்தத் தகவல் எல்லை தாண்டிப் போகிறது. அதைக் குடிசை வாசல் வரை கொண்டுபோக அங்கே ஆள் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது பாதியைத்தான் மற்ற நாடுகளும் கற்றுக்கொள்ள வேண்டும்.

பேரிடர் இழப்பைக் குறைக்க 2015-ல் ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட உடன்பாடு 2030 வரை செல்லும். உலகத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் 2027-க்குள் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் 2022-ல் கேட்டுக்கொண்டார். காலம் நெருங்கிவிட்டது. நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, ஆசிரியராக இருந்த உன்னிடம் ஓர் உதவி. சுமத்ராவுக்கு அருகே சிமலூ என்றொரு தீவு. 1907-ல் அங்கே பேரலை வந்து பலரை வாரிக்கொண்டது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, நிலம் ஆடிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தார்கள். 2004-ல் சைரன் எதுவும் ஒலிக்கவில்லை. அந்த ஒரு சொல்லைக் கத்திக்கொண்டே ஊர் ஊராக மேடேறினார்கள். சுமார் 78 ஆயிரம் பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

அந்தத் தாலாட்டைப் போல, ஐந்து வயதுக் குழந்தைக்கும் நாவில் நிற்கும்படி நான்கு வரி எழுதித் தருவாயா? அடுத்த ஒத்திகையில் பள்ளிப் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள். தொடர்புப் பட்டியலில் உள்ள எல்லா எண்களையும் நேற்று நானே ஒவ்வொன்றாக அழைத்துச் சரிபார்க்கத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் நாற்பது எண்கள் பாக்கி.

அன்புடன்,
உன் பழைய நண்பன்