பல் முளைக்கும் மருந்துக்குக் காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

ஜப்பானில் பல்லை மீண்டும் முளைக்க வைக்கும் மருந்து பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு, ஆடும் பல்லைப் பிடுங்கிவிட்டுக் காத்திருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 2024இல் தொடங்கியது முதற்கட்டச் சோதனை. மருந்து பாதுகாப்பானதா என்று பார்ப்பதே அதன் முதல் வேலை. பிறவியிலேயே சில பற்கள் முளைக்காதவர்களை மனத்தில் வைத்துத்தான் அந்த முயற்சியே நடக்கிறது.

இருக்கும் பல்லைத் தாங்கும் எலும்பை வளர்க்கும் வழியோ நாற்பது ஆண்டுகளாக உண்டு. அதற்குத் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை! பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும் ஈறு நோயான பயோரியாவில் வேரைச் சுத்தம் செய்ததும், ஈற்றின் மேல்தோல் முந்திக்கொண்டு வேரோரமாக இறங்கி ஒட்டிக்கொள்கிறது. மெதுவாக வளரும் எலும்புக்கும், வேரை அதனோடு பிணைக்கும் நார்களுக்கும் இடமில்லாமல் போகிறது. 1982இல் ஸ்வீடனைச் சேர்ந்த நைமன் குழுவினர், ஆய்வகத்தில் புழங்கும் வடிகட்டித் தாளை, மேல்தோல் இறங்காதபடி ஈற்றுக்கு அடியில் தடுப்பாக வைத்தார்கள். வேரில் புதிய பிணைப்பு உருவானது. இன்று அதே வேலைக்கு, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன, தானாகக் கரையும் சவ்வே கிடைக்கிறது.

எல்லாருக்கும் இது பலிக்காது. வேரை ஒட்டி எலும்பில் குறுகலாக, ஆழமாகக் குழி விழுந்திருந்தால் நல்ல பலன் உண்டு. எலும்பு சுற்றிலும் சமமாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். புகைபிடிப்பவர்களுக்குப் பலன் இன்னும் குறைவு. பணம் கட்டுவதற்கு முன், எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு குழி எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

- ஓய்வுபெற்ற பல் மருத்துவர், கும்பகோணம்