மாணவர் நிரல்களின் சிக்கலையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்லூரிகளில் கணினி பயிலும் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணிகள் பெரும்பாலும் நிரல் ஓடுகிறதா என்ற ஒரே கேள்வியோடு மதிப்பிடப்பட்டுவிடுகின்றன. அடுத்த ஆண்டு வேறொருவர் அதைத் திறந்து திருத்த முடியுமா என்பதும் கேட்கப்பட வேண்டும்.

இதற்கு உதவுவது, நிரல் எவ்வளவு பின்னலாக உள்ளது என்று சொல்லும் 'சிக்கல் அளவு'. 1976இல் கணினி அறிஞர் தாமஸ் மெக்கேப் முன்வைத்த இந்த அளவு, ஒரு செயற்கூறில் (நிரலில் ஒரு தனி வேலையைச் செய்யும் பகுதியில்) உள்ள 'இஃப்', 'வைல்' போன்ற முடிவுப் புள்ளிகளை, அதாவது நிரலின் போக்கு பிரியும் இடங்களை, எண்ணி, அத்துடன் ஒன்றைக் கூட்டி, அதனுள் செல்லும் சார்பற்ற பாதைகள் எத்தனை என்று காட்டுகிறது. ஒரு செயற்கூறுக்கு 10 என்பது அவரே பரிந்துரைத்த மேல் வரம்பு. நிரலை இயக்காமலே இதைக் கணக்கிடும் ரேடான், லிசார்டு போன்ற கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

எண்ணை மட்டும் பார்த்து மதிப்பெண் இடுவதை நான் ஏற்கவில்லை. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கிளை எனத் தெளிவாகப் பிரிந்த 'சுவிட்ச்' பகுதியும், ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைந்த 'இஃப்' குவியலும் ஒரே எண்ணைப் பெறக்கூடும். படிப்பவரை வதைப்பது பின்னதே. ஹால்ஸ்டெட் அளவு (நிரலிலுள்ள செயற்குறிகளையும் அவை கையாளும் மதிப்புகளையும் எண்ணிப் பெறுவது), மெக்கேப் அளவு, வரிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் இணைத்து, நிரலைப் பராமரிப்பது எவ்வளவு எளிது என்று காட்டும் பராமரிப்புக் குறியீடும், முழுத் திட்டத்துக்கும் சராசரியாக எடுக்கப்பட்டால், பல சிறிய செயற்கூறுகளுக்கு நடுவே கிடக்கும் மிகப் பெரிய ஒன்றை மறைத்துவிடும்.

ஆகவே, ஒவ்வொரு செயற்கூறின் அளவும் தனித்தனியே திட்ட அறிக்கையில் இடம்பெற வேண்டும். மிக அதிகம் பெற்ற இரண்டு மூன்றை ஏன் பிரித்து எழுதவில்லை என்று மாணவர் வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும். பாடத்திட்டக் குழுக்கள் இதை வரும் கல்வியாண்டிலேயே நடைமுறைப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
காரைக்குடி.