'கல்' என்று தேடினால் கல்லிடைக்குறிச்சி வருகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

குவாரி, தாது மணல் ஆவணங்களைக் கணினியில் அலசும் உரை அகழ்வு ஆய்வு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். நெல்லைச் சீமைக்கு மிகவும் வேண்டிய ஆய்வு. ஆனால் மென்பொருளை ஓட்டுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் சலித்தெடுக்க வேண்டியதைக் கட்டுரை தொடவே இல்லை.

தாது மணலையே பாருங்கள். முதலில் தண்ணீரோடு சுழல விட்டு லேசான மணலைக் கழிப்பார்கள். அடுத்தது காந்தம்: இல்மனைட் என்ற தாது எளிதில் ஒட்டும், கார்னெட் என்ற தாதுவுக்கு இன்னும் வலுவான காந்தம் வேண்டும். மிஞ்சிய தாதுக்களான ரூட்டைலையும் சிர்கானையும் உயர் மின்னழுத்தம் பிரிக்கும். உரையையும் இப்படிப் படிப்படியாகச் சலித்தெடுக்க வேண்டும்.

முதல் சலிப்பு எழுத்தில். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் கொம்பு (ெ), மெய்க்கு முன்னால் அடிக்கப்பட்டிருக்கும். பிடிஎஃப் கோப்பிலிருந்து உருவினால் 'கொடுமுடியாறு' என்பது 'ெகாடுமுடியாறு' ஆகும், தேடினால் கிடைக்காது. கொம்பைப் பின்னால் தள்ளும் விதியை எல்லாப் பக்கத்துக்கும் போட்டுவிடவும் கூடாது. சரியாக இருக்கும் 'கெடு' கூட 'கடெு' என்று உடையும். சொல்லின் முதல் எழுத்தாகவே கொம்பு நிற்கிற பக்கங்களை மட்டும் பிரித்துத் திருத்த வேண்டும். ஸ்கேன் செய்த பக்கங்களில் ரகரமும் காலும் (ா) இடம் மாறுவது தனித் தொல்லை.

அடுத்து சொல். விகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டி 'கல்' என்று தேடினால் கல்லூரியும் கல்லிடைக்குறிச்சியும் வந்து விழும்; 'கற்கள்' விட்டுப்போகும். 'மண' என்று தேடினால் மணிமுத்தாறு வரும். ஆற்று மணல், தாது மணல், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மூன்றையும் 'மணல்' என்று ஒரே கணக்கில் போடுவது பெரும் பிழை.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது அளவை. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 300 யூனிட்டை 300 கன மீட்டர் என்று படித்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கல் காணாமல் போகும். பாறையாக இருக்கும்போது ஒரு கன மீட்டர் சுமார் 2.6 டன், உடைத்துக் கொட்டிய ஜல்லியாக சுமார் 1.5 டன்தான். குத்தகையில் உள்ள கன மீட்டர் பாறைக் கணக்கா, லாரிக் கணக்கா என்று தெரியாமல் லாரிக்குக் கொடுக்கும் நடைச்சீட்டோடு (கனிமம் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு) ஒப்பிட்டால் முறைகேடு இல்லாத இடத்தில் முறைகேடு தெரியும். இருக்கிற இடத்தில் மறையும். பட்டாவில் '1-20.50' என்றிருப்பது 1 ஹெக்டேர் 20.50 ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஓர் ஏர்). கணினி நிரல் அதைக் கழித்தல் என்றோ தேதி என்றோ எடுத்துக்கொள்ளும்.

இடப்பெயரும் அப்படித்தான். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. இடையில் 1997 வரை நம் மாவட்டத்துக்கு நெல்லை கட்டபொம்மன் என்று பெயர். 2019-க்குப் பிறகு திருநெல்வேலியில் குவாரி குறைந்ததாக வரைபடம் காட்டினால், முதலில் எல்லையைப் பாருங்கள். கிராமம், புல எண் வாரியாகக் கோத்தால் இந்தக் குழப்பம் தீரும். தாமிரபரணி, தாமிரவருணி, பொருநை மூன்றும் ஒரே ஆறு என்பதையும் நிரலுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

இத்தகைய ஆய்வை வெளியிடுவோர், குலுக்கலில் எடுத்த 100 பக்கங்களையாவது மூல ஆவணத்தோடு கையால் ஒப்பிட்டு, எழுத்துப் பிழை, அளவைப் பிழை, இடப் பிழை எத்தனை என்று மூன்றையும் தனித்தனியாக அச்சிட வேண்டும். ஒப்பிடுகிறவர்களில் ஒருவராவது குவாரிக் கணக்கு தெரிந்தவராக இருக்கட்டும்.

தங்கள் வாசகர்கள்,
பாளையங்கோட்டை