பாப்பாவின் முழங்கைக்கு லீவு கொடு

பாளையங்கோட்டை,
பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி குறைந்துவிட்டது. ஆனால் அதை ஒத்துக்கொள்ள மனசு இல்லை. ஒத்துக்கொண்டால் மகாராஜநகர் உழவர் சந்தைக்கு நடந்து போகச் சொல்லிவிடுவேன் என்று பயம். பொங்கலுக்குப் பனங்கிழங்கு நல்ல திரட்சியாகக் கிடைத்தது. நீ இல்லாமல் மிஞ்சிப்போனது என்று எழுதத்தான் நினைத்தேன், மிஞ்சவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் வாய்வரைக்கும் வந்தது. பாப்பா உன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததால் "சரி, பார்ப்போம்" என்று வைத்துவிட்டேன். வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

போன பேஸ்பால் சீசனில் பாப்பா நிறையத் தடவை ஸ்டிரைக் அவுட் (பந்தை அடிக்காமலே மூன்று வாய்ப்பும் போய் அவுட்) ஆனாள், அதனால் இந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குத் தனியாகக் கோச்சிங், பேட்டிங்கும் பந்து எறிவதும் இரண்டும், என்றாய். மணிக்கு இத்தனை டாலர் என்றும் சொன்னாய். டாலரை விடு, உன் சம்பாத்தியம். எனக்கு உறுத்துவது வேறு. என் பேத்திக்கு வயது ஒன்பது.

உங்கள் சியாட்டில் ஊரின் மரீனர்ஸ் டீமில் கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவன், கேல் ராலியை எடுத்துக்கொள். 2025 சீசனில் 60 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தான். கேட்சராக நின்றுகொண்டு ஒரே சீசனில் இத்தனை அடித்தவர் யாரும் கிடையாது, முந்தைய சாதனையே 48தான். (அவனுக்கு அங்கே வைத்திருக்கும் பட்டப்பெயரை நான் எழுத மாட்டேன், அப்பா இந்தக் கடிதத்தைப் படிப்பார்.) அதே சீசனில் அவன் பேட்டிங் சராசரி .247. ஏறத்தாழ நாலு தடவை மட்டையோடு போனால் மூன்று தடவை சரியான அடி இல்லாமல் திரும்பியிருக்கிறான். அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள். நம் வீட்டுப் பிள்ளை அவுட் ஆனால் மட்டும் கோச்சிங்கா?

கிரிக்கெட்டை விட்டுவிட்டு இதை ஏன் பிடித்துக்கொண்டாய் என்று அடிக்கடி கேட்பாய். உன்னோடு சியாட்டிலில் இருந்த கோடையில் சும்மா பொழுதுபோக்காகத்தான் உட்கார்ந்தேன். அந்த மைதானத்தில் வறுத்த வெட்டுக்கிளி விற்பதைப் பார்த்து நீ முகம் சுளித்தாய், நம் ஊரில் ஈசலை வறுத்துத் தின்றவர்கள்தானே என்று நான் சொன்னேன். ஆட்டம் பிடித்ததற்குக் காரணம் அது இல்லை. ஒன்பது பேரும் வரிசையாக பேட்டிங் பிடித்தே ஆக வேண்டும் என்ற விதிதான் என்னை இழுத்தது. நான் பி.டி. டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடவிட்டால் நன்றாக அடிக்கிற இரண்டு பிள்ளைகள் பீரியட் முழுக்க அடிப்பார்கள், கடைசிப் பிள்ளை பந்து பொறுக்கிப் பொறுக்கியே பெல் அடித்துவிடும். பேஸ்பாலில் ஓட்டானி மாதிரிப் பெரிய நட்சத்திரமே ஆனாலும் ஒரு தடவை அடித்து முடித்தால் மற்ற எட்டுப் பேருக்கும் வழிவிட்டு உட்கார வேண்டும். ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நினைக்கிறவனுக்கும் முறை வந்துவிடும். ஆட்டத்தில் இருக்கிறவரை யாரும் தடுக்க முடியாது. இந்த விதியை எழுதியவன் பி.டி. டீச்சராகத்தான் இருந்திருப்பான்.

தீபாவளிக்கு மறுநாள் காலை மரீனர்ஸ் தோற்றதைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை, இன்னும் வயிறு எரிகிறது. வேர்ல்ட் சீரிஸ் என்கிற இறுதித் தொடருக்குப் போவதற்கான ஏழாவது மேட்ச், ஏழாவது இன்னிங்ஸ், 3-1 என்று முன்னால் நின்றோம். டொரன்டோவின் ஸ்பிரிங்கர் ஒரே அடியில் மூன்று ரன் கொண்டு போய்விட்டான். 1977இல் தொடங்கிய டீம், இன்றுவரை வேர்ல்ட் சீரிஸ் பக்கமே போனதில்லை. முப்பது டீமில் இப்படி ஒன்றுதான். அது உன் ஊருக்கா வாய்க்க வேண்டும்? காலங்காத்தாலே என்னத்துக்கு ஒப்பாரி என்று அப்பா சத்தம் போட்டார்.

ஆனால் நவம்பர் 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையை மறக்க மாட்டேன். விடிகாலை ஐந்தரைக்கு வேர்ல்ட் சீரிஸ் கடைசி மேட்ச், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் டொரன்டோவும். ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் ஒரு ரன் பின்னால், இன்னும் இரண்டே அவுட் விழுந்தால் கதை முடிந்தது. மட்டையோடு வந்தது மிகுவேல் ரோஹாஸ். முப்பத்தாறு வயது, பேட்டிங் வரிசையில் ஒன்பதாவது ஆள், ஃபீல்டிங்குக்காக டீமில் வைத்திருப்பவன். அடுத்ததாக ஓட்டானி காத்து நிற்கிறான். கிரிக்கெட்டாக இருந்தால் நம் ஆட்கள் "ஒரு ரன் எடுத்துக் கொடுத்துட்டு அந்தப் பக்கம் போய் நில்லு" என்றிருப்பார்கள். ரோஹாஸ் பந்தை இடதுபக்கக் கூட்டத்துக்குள் அனுப்பினான். சமம். பதினொன்றாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் வில் ஸ்மித் அடித்து 5-4. முந்தின நாள்தான் 96 பந்து எறிந்திருந்த அவர்கள் பிட்சர் (பந்து எறிகிறவன்) யமமோட்டோ வந்து முடித்துவைத்தான். மணி ஒன்பதரையைத் தாண்டிவிட்டது, நான் தோசைக்கல்லை வைக்கவே இல்லை.

அன்றைக்கே சாயங்காலம் நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல். மழையால் தாமதம், முடிய நடுராத்திரி ஆனது. 298 அடித்தோம், தென்னாப்பிரிக்கா 246இல் முடிந்தது. தீப்தி சர்மா 58 ரன்னும் அடித்து 5 விக்கெட்டும் எடுத்தாள். ஷஃபாலி வர்மா 87. அந்தப் பிள்ளை முதலில் டீமிலேயே இல்லை தெரியுமா? வேறொருத்திக்குக் காலில் அடிபட்டதால் கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். அப்பா தூங்காமல் பார்த்தார். பெண்கள் மேட்சையா பார்க்கப் போகிறாய் என்று என்னை வருஷக்கணக்கில் கேலி செய்த மனிதர். நான் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

நான் பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்போர்ட்ஸ் ரூமில் இருந்த கிளவுஸ் பாதிப் பேருக்குத்தான் காணும். ஃபீல்டிங் முடித்து பேட்டிங்குக்கு வருகிற பிள்ளைகள் கிளவுஸைக் கழற்றி எதிர் டீம் கையில் கொடுத்துவிட்டு வரும். மேலப்பாளையத்திலிருந்து ஒரு பிள்ளை படித்தது. பீடி சுற்றுகிற வீடு. பள்ளிக்கூடம் விட்டுப் போனதும் அதுவும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டிப் பழகிய விரல். அந்தப் பிள்ளை பந்தைப் பிடிப்பதே தனி. பந்து விரல் நுனியில் நிற்கும், உள்ளங்கையில் படவே படாது. நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் உங்கள் ஊரில் மணிக்கணக்குப் பார்த்து டாலர் வாங்குகிறார்கள்.

மாவட்டப் போட்டியில் அந்தப் பிள்ளை போன தடவையெல்லாம் ஸ்டிரைக் அவுட். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை, அடுத்த மேட்சுக்கு சுண்ணாம்புக் கோடு போட வேண்டியிருந்தது. மறுநாள் பிரேயருக்கு முன்னாலேயே வந்து நின்று "டீச்சர், ரூம் சாவி" என்று கை நீட்டியது. ஸ்டிரைக் அவுட் என்றால் என்னவென்றே தெரியாத வீடு அது. ஏன் அடிக்கவில்லை என்று கேட்க அங்கே ஒருத்தரும் கிடையாது. எவ்வளவு பெரிய வசதி பார். நீயோ மேட்ச் முடிந்து காரில் வரும்போதே வீடியோவைப் போட்டுக் காட்டுகிறாயாம், மருமகள் சொன்னாள். அவளை ஏசாதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

இப்போது முழங்கைக்கு வருகிறேன். அமெரிக்காவில் பெரிய பேஸ்பால் டீம்களை நடத்துகிற மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் சிறுபிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள், பிட்ச் ஸ்மார்ட் என்று பெயர். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை மேட்சில் ஒரு நாளைக்கு 75 பந்துக்கு மேல் எறியக்கூடாது. வருஷத்தில் குறைந்தது நாலு மாதம் எறிவதையே நிறுத்த வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஓய்வுக்கு வாய்த்த காலம் எது? இந்தக் குளிர்காலம்தான். அதில்தான் நீ கோச் வைக்கப் போகிறாய். வளர்கிற பிள்ளைக்கு எலும்பின் நுனி இன்னும் குருத்தாகத்தான் இருக்கும். ஒரே இழுப்பை ஓயாமல் இழுத்தால் தசைநார் தாங்கினாலும் குருத்து தாங்காது. முழங்கைத் தசைநாரை மாற்றி வைக்கிற ஆபரேஷனை 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாகச் செய்தார்கள், அவன் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஓட்டானிக்கும் 2018இல் அது நடந்தது. பெண்பிள்ளைகளை லிட்டில் லீக் என்கிற சிறுபிள்ளைகள் பேஸ்பாலில் சேர்க்கத் தொடங்கியதும் அதே 1974தான். இரண்டில் பாப்பாவுக்குச் சேர்க்கை போதும்.

ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு இல்லை), தினேஷ் படேல் என்ற இரண்டு பையன்களைத் தெரியும்தானே. 2008இல் இங்கே நடந்த பந்து எறியும் போட்டியில் தேறி பிட்ஸ்பர்க் பைரட்ஸ் என்ற பேஸ்பால் டீமில் ஒப்பந்தம் ஆனவர்கள். அதுவரை ஈட்டி எறிந்துகொண்டிருந்த பிள்ளைகள், பேஸ்பாலைக் கண்டதே கிடையாது. கை வேறு எங்கோதான் உரம் ஏறியது. பாப்பா நீந்தட்டும், சைக்கிள் ஓட்டட்டும், சுவரில் ஏறட்டும்.

உங்கள் ஆட்டத்தில் வந்த மாற்றங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிட்ச் கிளாக். பேஸில் ஓடுகிறவன் யாரும் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் எறிய வேண்டும், ஆள் நின்றால் 18. 2022இல் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்த ஆட்டம் 2023இல் இரண்டு மணி நாற்பது நிமிஷமாகச் சுருங்கியது. நாற்பது நிமிஷப் பீரியடில் பாதியை வரிசையில் நிறுத்தவே செலவழித்தவளுக்கு இதன் அருமை தெரியும். 2026 சீசனிலிருந்து, வந்த பந்து அடிக்கத்தக்கதா (ஸ்டிரைக்) இல்லையா (பால்) என்று மெஷினைக் கேட்கலாமாம், ஒரு டீமுக்கு இரண்டு முறையீடு, பேட்டரோ பிட்சரோ கேட்சரோ உடனே தலையைத் தட்டிக் காட்ட வேண்டும். நல்லது. வெளியே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துக் கேட்டுவிட்டுக் கை தூக்குகிற வேலை இல்லை. பிடிக்காதது, பிட்சருக்குப் பதில் வேறொருவன் அடிப்பது. ஒரு லீகில் முன்பே இருந்ததை 2022இல் இரண்டு லீகுக்கும் ஆக்கிவிட்டார்கள். அடுத்த வருஷமே ஐபிஎல்லில் இம்பாக்ட் பிளேயர் என்று இங்கேயும் வந்தது. பந்து போடுகிறவன் மட்டையே தொட வேண்டாம் என்றால் ஆல்ரவுண்டர் எங்கிருந்து முளைப்பான்?

ஓட்டானியின் 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 6 கோடியே 80 லட்சத்தை வட்டியில்லாமல் பிறகு வாங்கிக்கொள்கிறான் என்று நீ ஆச்சரியப்பட்டாய். எங்களுக்குத் தெரியாததா? அகவிலைப்படி நிலுவை அப்படித்தான் வந்தது. என்ன, எங்களை யாரும் கேட்டுக்கொண்டு தள்ளிப் போடவில்லை.

இங்கே பையன்கள் கோடையில் வற்றிய குளத்துக்குள் ஸ்டம்பு நட்டு ஆடுவார்கள், நீயும் ஆடியவன்தான். இப்போது பச்சைக் கம்பளம் விரித்து வலை கட்டி டர்ஃப் என்று வாடகைக்கு விடுகிறார்கள். காசு பிரித்துப் போட முடியாதவன் வெளியே வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வேறு. பி.டி. பீரியடை மேத்ஸுக்குக் கேட்டு வாங்குகிற பழக்கம் நான் ரிட்டயர் ஆன பிறகும் மாறவில்லை. நான் இருந்தவரை கொடுத்ததில்லை, அதனால் எனக்கு ஸ்டாஃப் ரூமில் சிநேகிதம் குறைவு.

ஜூன் கடைசியில் லீவு விட்டதும் பாப்பாவை அனுப்பு. குற்றாலத்தில் சாரல் இருக்கும். ஆற்றில் டவுனுக்குக் கீழே இறங்கவிட மாட்டேன், சாக்கடை கலக்கிறது. பாபநாசம் பக்கம் கூட்டிப் போய் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். கோச்சிடம் முன்பணம் கொடுத்திருந்தால் கேட்டுப் பார், தராவிட்டால் போகட்டும். மருமகளுக்குக் கூழ் வத்தலும் இட்லிப்பொடியும் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பையன் பிப்ரவரியில் அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மார்ச் கடைசியில் சீசன் தொடங்குகிறது. ஆப் சந்தாவை மறக்காமல் புதுப்பித்துவிடு. பாஸ்வேர்டை மாற்றினால் எனக்குச் சொல்லு, போன தடவை மாதிரி அப்பாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா